சீர்த்தட்டில் வந்த லேப்டாப்

வீட்டுக்கு வரும், காசு கேட்காது. ஊருக்கே அள்ளிக் கொடுத்தாலும் ஒரு துளி குறையாது. ஆனால் உள்ளே வந்த உடனே, ஏற்கெனவே அங்கே குடியிருப்பவனை எழுப்பி வெளியே அனுப்பிவிடும். அது என்ன? சொல்லுங்கள் சார்.

நிதானமாக யோசியுங்கள், அவசரம் இல்லை. உங்கள் லேப்டாப்பை அழித்துப் புதிதாகப் போட ஒரு மணி நேரம் ஆகும். முன்பெல்லாம் இருபது நிமிடத்தில் முடித்துக் கையில் கொடுத்துவிடுவேன். இப்போது அப்படிச் செய்வதில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன். அந்த ஸ்டூலில் உட்காராதீர்கள், அதற்கு ஒரு கால் குட்டை. இந்த நாற்காலிக்கு வாருங்கள்.

கல்வியா? பத்துப் பேரிடம் கேட்டால் ஒன்பது பேர் அதைத்தான் சொல்கிறார்கள். கல்வி யாரை சார் வெளியே அனுப்பும்? அறியாமையை என்று மேடையில் சொல்லலாம். விடுகதைக்கு அது ஆகாது.

இதை எனக்குப் போட்டது தாரணி. என் தங்கை வளர்மதியின் மகள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். நான் அவளுக்குத் தாய்மாமன். ஒரே தாய்மாமன். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அவள் கேட்டபோது நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "உங்க சித்தப்பா" என்றேன். வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சித்தப்பாவும் அங்கேதான் இருந்தான், அவனும் சிரித்தான். தாரணி மட்டும் சிரிக்கவில்லை.

"இல்ல மாமா. லினக்ஸ்" என்றாள்.

லினக்ஸ் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. கம்ப்யூட்டர் ஓடுவதற்கு உள்ளே அடிப்படையாக ஒன்று இருக்க வேண்டும் அல்லவா? இந்த ஊரில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் வைத்திருப்பது விண்டோஸ். லினக்ஸ் இன்னொன்று. அதை யாரும் சும்மா எடுத்துக்கொள்ளலாம். பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம். நல்ல சாமான்தான். நான் இல்லை என்று சொல்லவில்லை. எனக்கு லினக்ஸ் மேல் ஒரு கோபமும் கிடையாது. இதை இரண்டு முறை சொல்கிறேன், ஏனென்றால் என் மனைவி அம்சவேணி வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறாள். எனக்கு லினக்ஸ் மேல் ஒரு கோபமும் கிடையாது.

விஷயம் அந்த லேப்டாப் எப்படி வந்தது என்பதில் இருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் தாரணிக்கு மஞ்சள் நீராட்டு விழா நடந்தது. தாய்மாமன் சீர் கொண்டுபோக வேண்டும். எங்கள் பக்கம் அது சின்ன விஷயம் இல்லை. மேளம் முன்னால் போக, இருபத்தொரு தட்டு பின்னால் போயிற்று. பட்டுப் பாவாடை, பழம், பலகாரம், வெள்ளிக் கொலுசு எல்லாம் எல்லா மாமன்களும் வைப்பதுதான். நடுத் தட்டில் நான் என்ன வைத்தேன்? லேப்டாப். பித்தளைத் தட்டில் பட்டுத் துண்டு விரித்து, அதன் மேல் லேப்டாப்பை வைத்து, மூடியில் சந்தனம் குங்குமம் வைத்து, சுற்றி ரோஜா மாலை. மற்ற தட்டுகளைப் பெண்கள் எடுத்து வந்தார்கள். அந்தத் தட்டை நான் யாரிடமும் கொடுக்கவில்லை. மண்டபத்து வாசலில் இருந்து மணை வரைக்கும் நானே தூக்கிக்கொண்டு போனேன். மைக்கில் அறிவித்தார்கள் சார்: "தாய்மாமன் பூபதி அவர்களின் சீர், லேப்டாப் ஒன்று." சீர்த்தட்டில் லேப்டாப்பைப் படம் எடுப்பது இதுதான் முதல் தடவை என்று போட்டோகிராபரே சொன்னார்.

சித்தப்பா என்ன கொடுத்தான் என்று கேளுங்கள். ஓர் அகராதி. அதுவும் அவன் படித்த பழைய அகராதி. முதல் பக்கத்தில் அவன் பெயரை அடித்துவிட்டு அவள் பெயரை எழுதிக் கொடுத்தான். நான் குறை சொல்லவில்லை. என்ன கொடுத்தான் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த லேப்டாப்பில் எல்லாவற்றையும் நானே ஏற்றியிருந்தேன். திறந்தால் என்ன தெரியும்? தாரணிக்குக் காது குத்தும் படம். என் மடியில் உட்கார்ந்து வாயைத் திறந்து அழுகிறாள், நான் அவள் தலையைப் பிடித்திருக்கிறேன். படத்துக்கு மேலே, "வருக, பூபதி கம்ப்யூட்டர்ஸ்" என்று வரும். என் கடையில் எந்த மெஷினுக்குப் போட்டாலும் அப்படித்தான் வரும். ஒரு தடவை எல்லாவற்றையும் ஒழுங்காகப் போட்டு, அதை அப்படியே நகல் எடுத்து ஒரு கறுப்பு பென் டிரைவில் வைத்திருந்தேன். எந்த மெஷின் வந்தாலும் அதைச் செருக வேண்டியது, இருபது நிமிடம், முடிந்தது. பதினாறு வருடமாக அருப்புக்கோட்டையைச் சுற்றி எத்தனை வீட்டில் கம்ப்யூட்டரைத் திறந்தால் என் பெயர் வரும் என்று நினைக்கிறீர்கள்?

டீ சொல்லட்டுமா? சர்க்கரை கம்மியா, ஒரேயடியாக வேண்டாமா? சரி.

அந்த மெஷினில் ஒரு பழக்கம். மாதம் ஒரு முறை ஏதாவது ஆகும். ஒரு மாதம் சத்தம் வராது. ஒரு மாதம் பிரிண்டர் பிடிக்காது. ஒரு மாதம் திரை கறுப்பாகி, ஓரத்தில் "இது அசல் நகல் அல்ல" என்று எழுத்து வரும். தாரணி போன் போடுவாள். "மாமா, மறுபடியும் கறுப்பாயிருச்சு." ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு பந்தல்குடிக்குப் போவேன். வளர்மதி கறிக்குழம்பு வைப்பாள். நான் மெஷினைத் திறந்ததும் தாரணி பக்கத்தில் உட்கார்ந்து, கழற்றுகிற திருகாணிகளை ஒவ்வொன்றாக டப்பா மூடியில் வரிசையாக அடுக்குவாள். அடுக்கிக்கொண்டே பேசுவாள். எந்த மிஸ் யாரைத் திட்டினாள், யார் யாருடன் பேசுவதில்லை, எந்தத் தெருக் கிணற்றில் ஆமை இருக்கிறது. இரண்டு வருடத்தில் இருபத்திரண்டு தடவை போயிருக்கிறேன். நான் எண்ணவில்லை. அம்சவேணி எண்ணினாள்.

சில தடவை ஒரு சின்ன வேலையை மிச்சம் வைத்துவிட்டு வருவேன். பிரிண்டரையோ சத்தத்தையோ அடுத்த தடவை பார்க்கலாம் என்று விட்டுவிடுவேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்தால் மெஷினுக்கு நல்லதில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தது. இந்த வருடம் பொங்கலுக்குச் செழியன் வந்தான். செழியன்தான் அந்தச் சித்தப்பா. தாரணியின் அப்பா கதிரேசனுக்குத் தம்பி. மதுரையில் ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்கிறான். இருபத்தேழு வயது. என்னை மச்சான், மச்சான் என்று வாய் நிறையக் கூப்பிடுவான். அவனும் அவனுடைய கூட்டாளிகள் சிலரும் மாதம் ஒரு முறை ஒரு இடத்தில் கூடி இந்த லினக்ஸைப் பற்றிப் பேசுவார்களாம். பேசுவதற்கு அதில் என்ன இருக்கிறதோ!

பொங்கலுக்குப் பிறகு தாரணியிடமிருந்து போன் இல்லை. ஜனவரி போயிற்று. பிப்ரவரியில் பாதி போயிற்று. எனக்குச் சந்தேகம் வந்தது. நானே கூப்பிட்டேன்.

"பாப்பா, லேப்டாப் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு மாமா."

"சத்தம் வருதா?"

"வருது மாமா."

"நல்லாப் பாரு. ரெண்டு பக்கமும் வருதா?"

"ரெண்டு பக்கமும் வருது மாமா."

"திரை?"

"பளிச்சுன்னு இருக்கு."

எனக்கு மனசே சரியில்லை சார். ஏதோ தப்பு நடக்கிறது என்று தெரிந்துவிட்டது. வெளியே பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்து வீட்டில் பசி இல்லை என்கிற பிள்ளையின் கையை மோந்து பார்ப்போமே, அந்த மாதிரி மோந்து பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. மறு ஞாயிற்றுக்கிழமை யாரும் கூப்பிடாமலே போனேன்.

மேஜை மேல் லேப்டாப் திறந்திருந்தது. ஓரத்தில் ஒரு மஞ்சள் பென் டிரைவ் செருகியிருந்தது. காது குத்துப் படம் இல்லை. வேறு ஏதோ ஊதா நிறத்தில் மலையும் வானமும். பக்கத்தில் செழியன் முறுக்குத் தின்றுகொண்டிருந்தான்.

"அழிச்சிட்டியா பாப்பா?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"இல்ல மாமா, எதையும் அழிக்கல. இது பென் டிரைவ்ல இருந்தே ஓடும். பிடிச்சா உள்ள போட்டுக்கலாம், பிடிக்கலைன்னா பிடுங்கிறலாம். நான் இன்னும் முடிவு பண்ணல."

சொந்த வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டு வாடகை வீட்டில் இருந்து பார்க்கிற கதை! அப்போதுதான் அந்த விடுகதையைப் போட்டாள். எனக்கு மெதுவாகச் சொல்ல வேண்டும் என்று யோசித்து வைத்திருந்தாளாம். நான் சொன்ன பதிலைத்தான் உங்களுக்குச் சொல்லிவிட்டேனே.

செழியன் முறுக்கை வைத்துவிட்டுச் சொன்னான், "மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க போட்டிருக்கறது காசு குடுத்து வாங்காத விண்டோஸ். பூட்டை உடைச்சுப் போட்டது. அதான் மாசம் ஒரு தடவை படுத்துக்குது. லைசென்ஸ் வாங்கிப் போட்டா ஒழுங்கா ஓடும். இல்லைன்னா இது. ரெண்டுல ஒண்ணு."

"அப்போ நான் திருட்டுச் சாமானைச் சீர் வச்சேன்னு சொல்ற?"

"ஐயோ, லேப்டாப்பைச் சொல்லல மச்சான். உள்ள இருக்கறதைச் சொல்றேன்."

"உள்ள இருக்கறதும் சீர்தான் மாப்ள! பாத்திரம் மட்டும்தான் சீரு, பலகாரம் சீர் இல்லைன்னு எவனாவது சொல்வானா?"

கதிரேசன் உள்ளே இருந்து குரல் கொடுத்தார். "ரெண்டு பேரும் அதை மூடி வச்சிட்டுக் கை கழுவுங்கப்பா. குழம்பு ஆறுது."

நான் சாப்பிட்டேன். கோபம் குழம்பின் மேல் இல்லையே.

வீட்டுக்கு வந்து அம்சவேணியிடம் சொன்னேன். லினக்ஸ் போட்டால் பிள்ளையின் படிப்பு என்ன ஆகும், பள்ளிக்கூடத்தில் கொடுக்கிற பாடமெல்லாம் அதில் திறக்குமா, நாளைக்கு வேலைக்குப் போகும்போது எவன் லினக்ஸ் கேட்பான், எல்லாம் அடுக்கினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். கடைசியில், "உங்களுக்கு லினக்ஸ் மேல கோபம் இல்லைங்க. அது பழுதாக மாட்டேங்குதேன்னு கோபம்" என்றாள். இவளுக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி என்ன தெரியும்? மறுநாள் பொறாமை என்று ஒரு வார்த்தையும் சொன்னாள். பொறாமையா? எனக்கா? மதுரையில் இருந்து வருடத்துக்கு நாலு தடவை வந்து முறுக்குத் தின்கிறவன் மேல் எனக்கு என்ன பொறாமை?

டீ வந்துவிட்டது. எடுத்துக்கொள்ளுங்கள், சூடு பார்த்து. உங்கள் மெஷினில் முப்பத்தெட்டு சதவீதம் ஆகியிருக்கிறது. பார்த்தீர்களா, மெதுவாகத்தான் போகும்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. சாயங்காலம் நாலரை இருக்கும். தாரணி இந்த வாசலில் வந்து நிற்கிறாள். பள்ளிக்கூடச் சீருடை, முதுகில் பை, கையில் லேப்டாப். பந்தல்குடியில் இருந்து தனியாக பஸ் ஏறி வந்திருக்கிறாள். இரண்டு வருடத்தில் அவள் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? பழுதாகிவிட்டது என்று நினைத்தேன்.

"என்ன பாப்பா, சத்தம் போயிருச்சா?"

அவள் லேப்டாப்பைத் திறந்து ஒரு கட்டுரையைக் காட்டினாள். பொங்கலுக்கு முன்பே, நான் போட்ட விண்டோஸில் எழுதத் தொடங்கியது. பந்தல்குடியில் அவர்கள் பக்கத்துத் தெருக்களில் இருக்கிற பதினான்கு கிணறுகளைப் பற்றியது. கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் கல்லைக் கட்டி இறக்கி, வாரம் ஒரு முறை எந்தக் கிணற்றில் எத்தனை முடிச்சுத் தண்ணீர் என்று நாலு மாதம் அளந்திருக்கிறாள். மழையில் கூடப் போயிருக்கிறாள். மாவட்டப் போட்டிக்கு அனுப்புவதற்காகப் பள்ளிக்கூடத்தில் கொடுத்திருக்கிறாள். அறிவியல் மிஸ் அதைத் திறந்து, எழுதியவர் யார் என்று கம்ப்யூட்டரே குறித்து வைக்கும் இடத்தைப் பார்த்திருக்கிறார். அதில் என்ன இருந்தது?

பூபதி கம்ப்யூட்டர்ஸ்.

அதோடு விட்டதா? ரிஸ்வானா என்று இன்னொரு பிள்ளை, அதே வகுப்பு. அது கறையானைப் பற்றி எழுதிக் கொடுத்திருக்கிறது. அதைத் திறந்தால் அதிலும் பூபதி கம்ப்யூட்டர்ஸ். அந்தப் பிள்ளை வீட்டு லேப்டாப்புக்கும் நான்தானே போட்டேன். மிஸ் இரண்டையும் தனியாக எடுத்து வைத்துவிட்டார். "கடையில காசு குடுத்துச் செஞ்சு வாங்கினதை நான் அனுப்ப மாட்டேன்" என்று வகுப்பில் எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார்.

தாரணி அழவில்லை சார். அதுதான் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. "மாமா, இதுல என் பேரு எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

எனக்குப் பட்டதைச் சொன்னேன். "சீர்ப் பாத்திரத்துல யார் பேரு பாப்பா வெட்டுவாங்க? குடுத்தவன் பேருதானே? உங்க வீட்டுல எங்கம்மா குடுத்த குடம் இருக்கு பாரு, அதுல யார் பேரு இருக்கு?"

"குடத்துல பேரு இருக்கட்டும் மாமா. அதுல நான் தண்ணி எடுத்துட்டு வந்தா, தண்ணி எடுத்ததும் நீங்களா?"

அவள் இந்த மாதிரி பேசிப் பழகியவள் இல்லை. யாரிடம் கற்றாள் என்றுதான் யோசித்தேன். உடனே எனக்கு வேறொன்று தோன்றியது. அதைக் கேட்டுவிட்டேன்.

"இதைச் சித்தப்பாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன் மாமா."

"எப்போ?"

"அன்னைக்கே. புதன்கிழமை."

புதன்கிழமை. நான் வெள்ளிக்கிழமை. மெஷின் கொடுத்தவன் நான், பெயர் என்னுடையது, ஆனால் செய்தி மதுரைக்குப் போய் இரண்டு நாள் கழித்து எனக்கு வருகிறது. உங்களுக்கு எப்படி இருக்கும்?

அவள் கேட்டது ஒரு கடிதம். கடையின் பெயர் அச்சடித்த தாளில், நான் போட்டுக் கொடுக்கிற எல்லா மெஷினிலும் என் கடைப் பெயர்தான் வரும், கட்டுரைகளை எழுதியது இந்தப் பிள்ளைகள்தான், என் கடையில் எழுதவில்லை என்று எழுதித் தர வேண்டும். திங்கட்கிழமைக்குள் மிஸ்ஸிடம் கொடுத்தால் போட்டிக்கு அனுப்புவார். ரிஸ்வானாவுக்கும் சேர்த்து ஒரே கடிதம் போதும்.

எழுதித் தருவதில் எனக்கு என்ன கஷ்டம்? தாள் இதோ, இந்த டிராயரில் இருக்கிறது. பேனா கையில் இருந்தது. ஆனால் எல்லா மெஷினுக்கும் ஒரே பென் டிரைவில் இருந்துதான் போடுகிறேன் என்று என் கடைத் தாளில் நானே எழுதிக் கையெழுத்துப் போடுவதா என்று யோசித்தேன். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இவ்வளவு பெரிய உதவி செய்கிறவன் பதிலுக்கு ஒன்று கேட்டால் தப்பா? நான் ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை.

"எழுதித் தர்றேன் பாப்பா. நீ லினக்ஸ் போட மாட்டேன்னு மாமாகிட்ட ஒரு வார்த்தை சொல்லு."

அவள் என்னைப் பார்த்தாள். காது குத்தும்போது ஆசாரி ஊசியை எடுத்ததும் திரும்பி என்னைப் பார்த்தாளே, அந்தப் பார்வை ஞாபகம் வந்தது. ஏன் வந்தது என்று தெரியவில்லை.

"ஞாயித்துக்கிழமை வாங்க மாமா. அன்னைக்குச் சொல்றேன்" என்றாள். லேப்டாப்பை மூடினாள். மூடியில் நான் வைத்த சந்தனம் குங்குமம் எல்லாம் எப்போதோ போய்விட்டது. லேசாக ஒரு கறை மட்டும் இருக்கிறது. அஞ்சேகால் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். டீ கூடக் குடிக்கவில்லை.

அம்சவேணியிடம் சொன்னேன். எல்லாவற்றையும் இல்லை. கடிதம் கேட்டாள், தருகிறேன் என்று சொன்னேன் என்று மட்டும் சொன்னேன். அவள் விடுவாளா? "தர்றேன்னு சொன்னா ஏன் தரல? தாள் தீந்துபோச்சா?" என்று கேட்டுக் கேட்டு முழுவதையும் வாங்கிவிட்டாள். அன்றைக்கு அவள் என்னிடம் பேசவில்லை. சோறு போட்டாள், பேசவில்லை.

சனிக்கிழமை காலையில் நான் ஒரு காரியம் செய்தேன் சார். பதினாறு வருடத்தில் செய்யாத காரியம். விருதுநகருக்குப் போய் ஒரு விண்டோஸ் வாங்கினேன். அசல். பில்லோடு. உரிமையாளர் பெயர் என்ன என்று கடைக்காரர் கேட்டார். தாரணி என்று சொன்னேன். இதற்கு மேல் ஒரு மாமன் என்ன செய்ய முடியும்? இனி பூட்டை உடைத்தது என்று அந்தப் பயல் சொல்ல முடியாது. பழுதும் ஆகாது. அது பழுதாகாது என்று நினைத்தபோது கொஞ்சம் வருத்தமாக இருந்தது. ஆனாலும் அது என்னுடையதாக இருக்குமே. கறுப்பு பென் டிரைவில் இருந்த பழைய நகலை அழித்துவிட்டு இந்த அசலை அதில் ஏற்றினேன். கடிதத்தையும் எழுதி சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

இருங்கள். பெயர் கேட்கிறது பாருங்கள், உங்கள் மெஷின். உங்கள் பெயர் என்ன சார்? மகுடபதி. ம-கு-ட-ப-தி. சரியா? நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். இப்போதெல்லாம் கேட்டுத்தான் போடுகிறேன். அதனால்தான் ஒரு மணி நேரம் ஆகிறது. மனம் மாறிவிட்டேன் என்று நினைக்காதீர்கள், தொழிலில் புகார் வரக்கூடாது அல்லவா? அதற்காகத்தான்.

அந்தக் கடிதம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். திங்கட்கிழமை காலையில் நானே பள்ளிக்கூடத்துக்குப் போய் அந்த மிஸ் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு கட்டுரையும் போயிற்று. பரிசு எதற்கும் வரவில்லை, காரியாபட்டிப் பக்கத்துப் பிள்ளை யாரோ வாங்கிவிட்டது. அது வேறு விஷயம். திங்கட்கிழமை நான் கொடுப்பேன் என்று ஞாயிற்றுக்கிழமை தாரணிக்குத் தெரியாது. எனக்கே தெரியாது. அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போனேன். அம்சவேணியும் கூட வந்தாள். செழியன் ஏற்கெனவே வந்திருந்தான். மேஜை மேல் லேப்டாப். அதன் வலது பக்கம் மஞ்சள் பென் டிரைவ். நான் என் கறுப்பை இடது பக்கம் வைத்தேன். பில்லையும் பக்கத்தில் விரித்து வைத்தேன், எல்லாரும் பார்க்கட்டும் என்று. கதிரேசன் எடுத்துப் படித்துவிட்டு, "மச்சான், இதுக்கு இவ்வளவா!" என்றார்.

செழியனும் பார்த்தான். "இது நல்லதுதான் மச்சான். இப்போ இது முறையான சாமான்" என்றான். பிறகு தாரணியிடம் சொன்னான், "ரெண்டையும் வச்சுக்கலாம் பாப்பா. பாதி இடத்துல மாமா குடுத்தது, பாதி இடத்துல இது. திறக்கும்போது எது வேணும்னு கேக்கும். மாமா கையாலேயே போடட்டும், அவருக்குக் கைராசி."

எனக்கு வந்ததே கோபம்! எனக்கு இவன் பாதி இடம் தருகிறானா? என் சீரில்? ஆனாலும் பாதி என்றால் பாதி இருக்கிறதே. சட்டைப் பையில் இருந்த கடிதம் வியர்வையில் நனைந்துவிடப் போகிறது என்று அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். தாரணி அதைப் பார்த்தாள். அது என்ன என்று அவளுக்குத் தெரியும்.

வளர்மதி மட்டும், "சொல்லு பாப்பா, மாமா காத்திருக்காருல்ல" என்றாள்.

தாரணி தன்னுடையதை எல்லாம் முதல் நாளே வேறொரு பென் டிரைவில் எடுத்து வைத்திருந்தாள். கிணற்றுக் கட்டுரை, பாட்டு, பள்ளிக்கூட நோட்ஸ். எடுத்த பட்டியலைத் திறந்து ஒரு தடவை சரிபார்த்தாள். காது குத்துப் படம் அதில் இருந்ததா என்று நான் பார்க்கவில்லை. எட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

பிறகு கறுப்பு பென் டிரைவை எடுத்து என் கையில் இருந்த கடிதத்தின் மேல் வைத்தாள். "இதை ரிஸ்வானாவுக்குப் போட்டுக் குடுங்க மாமா. அவ லேப்டாப்பும் உங்க பேர்லதான் இருக்கு. அவ பேரு போடுங்க." செழியன் மஞ்சளைச் செருகக் கை நீட்டினான். "நீங்களும் வேண்டாம் சித்தப்பா" என்றாள். அவளே செருகினாள்.

திரையில் பெயர் கேட்டது. தாரணி என்று அடித்தாள். அடுத்து, பழையதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவா, அழித்துவிட்டுப் போடவா என்று கேட்டது.

அழித்துவிட்டுப் போடு என்பதைத் தேர்ந்தெடுத்தாள்.